எஸ்டிஎல் எந்த இடத்தில் தளமாகிறது?

கேம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் எஸ்டிஎல் (சிம்பிள் டைரக்ட்மீடியா லேயர்) பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும்: “அது வெறும் லைப்ரரிதானே, யூனிட்டி மாதிரி பிளாட்ஃபார்ம் கிடையாதே.” கேட்ட மாத்திரத்தில் சரி என்றே படும். கேம் எஞ்சினான யூனிட்டி போல எஸ்டிஎல்லுக்கு எடிட்டர் இல்லை, கடை இல்லை, தனக்கென்று ஒரு கோப்பு வடிவம் இல்லை. சி மொழியில் பல நூறு ஃபங்ஷன்கள், அவ்வளவுதான். விண்டோ திறக்கும், கீபோர்டையும் கேம்பேடையும் படிக்கும், ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும், நேரம் பார்க்கும், கோப்பைப் படிக்கும். கேமை நிரலாளர்தான் எழுத வேண்டும். இத்தனையும் உண்மை. ஆனாலும் அந்த வாக்கியத்தை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. அது தளம் (பிளாட்ஃபார்ம்) என்ற தகுதியைத் தவறான இடத்தில் தேடுகிறது. எழுதும்போது என்னென்ன வசதி கிடைக்கிறது என்று பார்க்கிறதே தவிர, எழுதி முடித்து வெளியே அனுப்பிய கேமுக்குப் பத்து வருடம் கழித்து என்ன ஆகிறது என்று பார்ப்பதில்லை.

என் அளவுகோல் இதுதான். ஒரு கேம் கம்பைல் ஆகி வெளியே போய்விட்டது. அதை எழுதிய நிறுவனத்தை மூடிவிட்டார்கள், சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. இதற்கிடையில் கேமுக்குக் கீழே எல்லாம் மாறிவிட்டது: ஒலி அமைப்பு வேறு, திரையை ஆளும் சர்வர் வேறு, அன்று இல்லாத கேம்பேடுகள் இன்று சந்தையில் இருக்கின்றன. கேமின் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல், அந்த நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர், அடியில் இருப்பதை மட்டும் மாற்றி அதை ஓடவைக்க முடியுமா? முடியும் என்றால் அந்தக் கேம் ஒரு தளத்தின் மேல் நிற்கிறது. முடியாது என்றால் அது ஒரு லைப்ரரியைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. ஃபங்ஷன்களின் எண்ணிக்கையோ, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதோ இதை முடிவு செய்வதில்லை.

லினக்ஸில் இந்தச் சோதனை அடிக்கடி நடந்திருக்கிறது. எஸ்டிஎல்லை சாம் லாண்டிங்கா 1998-இல் தொடங்கினார். பிறகு அவர் வேலை பார்த்த லோகி சாஃப்ட்வேர், விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்து விற்ற நிறுவனம். அது 2002 தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்தக் காலத்து லினக்ஸ் கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிக்காக அது நேரடியாக ‘டெவ் டிஎஸ்பி’ என்ற டிவைஸ் கோப்பைத் திறந்து எழுதியிருந்தால், இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் (ஃபெடோரா போன்ற தொகுப்புகளில்) அந்தக் கோப்பே இருக்காது. பழைய ஒலி அமைப்பான ஓஎஸ்எஸ் போய் ஆல்சா வந்தது, அதன் மேல் பல்ஸ்ஆடியோ உட்கார்ந்தது, 2021 முதல் ஒவ்வொரு விநியோகமாகப் பைப்வயருக்கு மாறின. டிவைஸை நேரடியாகத் தொட்ட கேம் ஊமையாகிவிட்டது. அதே வேலையை எஸ்டிஎல்லின் ஓபன்ஆடியோ ஃபங்ஷனிடம் விட்ட கேம், மேலே சொன்ன எல்லா மாற்றங்களிலும் ஒலித்துக்கொண்டே வந்தது. கேம் மாறவில்லை. விநியோகம் தந்த எஸ்டிஎல் கோப்பு மாறியது.

உரிமம் மாறியபோது நடந்தது

மேலே சொன்ன பிழைத்தல் தற்செயலாகக் கிடைத்ததல்ல. அதற்குக் காரணம் பாதி தொழில்நுட்பம், பாதி உரிமம். எஸ்டிஎல் 1.2 எல்ஜிபிஎல் என்ற திறந்த சோர்ஸ் உரிமத்தில் வந்தது. மூடிய சோர்ஸ் கேம் அதை ஸ்டேட்டிக்காக, அதாவது தன் பைனரிக்குள்ளேயே சேர்த்து இணைத்தால், பயனர் வேறு எஸ்டிஎல்லை வைத்து மறுபடி இணைத்துக்கொள்ளும்படி ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தர வேண்டும். எந்த நிறுவனத்துக்கும் அதில் விருப்பம் இருக்காது. அதனால் கேம் ஓடும்போது ஏற்றப்படும் தனி ‘.எஸ்ஓ’ கோப்பாக எஸ்டிஎல்லைக் கேமின் பக்கத்தில் வைத்து அனுப்பினார்கள். அந்தக் கோப்பை அழித்துவிட்டு விநியோகத்தின் புதிய கோப்பை வைத்தால் வேலை முடிந்தது. தளத்துக்கான முதல் நிபந்தனையை எஸ்டிஎல்லுக்கு வாங்கித் தந்தது உரிமத்தின் ஒரு விதி.

2013 ஆகஸ்டில் எஸ்டிஎல் 2.0 வந்தபோது உரிமம் கட்டுப்பாடு குறைந்த ஜிலிப் ஆனது. நிரலாளர்களுக்குப் பெரிய நிம்மதி: இனி ஸ்டேட்டிக்காக இணைக்கலாம், எந்தக் கட்டாயமும் இல்லை. ஐபோன் போன்ற இடங்களில் எல்ஜிபிஎல் உண்டாக்கிய தலைவலியும் போனது. ஆனால் அதோடு, பயனர் கையில் இருந்த மாற்றும் சக்தியும் போகும் நிலை வந்தது. கேமின் பைனரிக்குள்ளேயே 2013-ஆம் ஆண்டின் எஸ்டிஎல் உறைந்துவிட்டால், 2023-இல் கணினியில் இருக்கும் திரை அமைப்பான வேலண்டோ ஒலி அமைப்பான பைப்வயரோ அதற்குத் தெரியவே தெரியாது. நேரம் பார்த்தால் இது மிக மோசமான தருணம். அதே 2013 பிப்ரவரியில்தான் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கேம் கடை முறையாக வெளியானது. மூடிய சோர்ஸ் கேம்கள் நூற்றுக்கணக்கில் லினக்ஸுக்கு வரத் தொடங்கிய காலம். அவை ஒவ்வொன்றும் தன் சொந்த எஸ்டிஎல்லை விழுங்கிக்கொண்டு வந்திருந்தால், எஸ்டிஎல் அன்றோடு வெறும் லைப்ரரியாகச் சுருங்கியிருக்கும்.

அதைத் தடுத்தது எஸ்டிஎல் நிரலாளர் ரையன் கார்டன் எழுதிய டைனமிக் ஏபிஐ என்ற ஏற்பாடு. 2.0 வரிசையின் ஆரம்பத்திலேயே அது உள்ளே வந்துவிட்டது. எஸ்டிஎல் தளமானது இந்த இடத்தில்தான் என்பது என் கட்சி. எஸ்டிஎல்லைத் தினமும் பயன்படுத்துபவர்களில் பலர் இதைக் கவனித்ததே இல்லை. அவர்கள் கவனிக்கத் தேவையில்லாதபடி செய்திருப்பதுதான் அதன் அழகு. ஆகவே கொஞ்சம் நிறுத்தி, உள்ளே பார்க்கலாம்.

தாவல் அட்டவணை

நீங்கள் எஸ்டிஎல்_கிரியேட்விண்டோ என்று அழைக்கிறீர்கள். விண்டோவை உண்டாக்கும் வேலை அந்தப் பெயருள்ள ஃபங்ஷனுக்குள் இல்லை. அது ஒரே வரி: ஃபங்ஷன்களின் முகவரிகள் (பாயின்டர்கள்) உள்ள தாவல் அட்டவணையில் தன் பெயருக்கு நேராக இருக்கும் பாயின்டருக்குப் போ. நிஜ வேலை செய்யும் ஃபங்ஷனின் பெயர், கடைசியில் ‘_ரியல்’ என்று சேர்த்து, எஸ்டிஎல்லின் உட்புறக் கோடில் மேக்ரோ வழியாக மாற்றப்பட்டிருக்கிறது. எஸ்டிஎல் வெளியே தரும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இதே ஏற்பாடு.

கேம் தொடங்கும்போது அட்டவணையின் எல்லாப் பாயின்டர்களும் ‘_டிஃபால்ட்’ என்று முடியும் ஒரு தற்காலிக ஃபங்ஷனைக் காட்டும். முதன்முதலில் எந்த எஸ்டிஎல் ஃபங்ஷன் அழைக்கப்பட்டாலும் அந்தத் தற்காலிக ஃபங்ஷன் விழித்து அட்டவணையை நிரப்பச் சொல்லும், பிறகு நிரம்பிய அட்டவணை வழியாக மறுபடி அழைக்கும். இரண்டு திரெட்கள் ஒரே நேரத்தில் வந்து மோதாமல் இருக்க ஸ்பின்லாக் என்ற பூட்டு ஒன்று உண்டு. அட்டவணையை நிரப்பும்போதுதான் முக்கியமான கேள்வி கேட்கப்படுகிறது: எஸ்டிஎல்_டைனமிக்_ஏபிஐ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரலைத் தொடங்குமுன் பயனர் வெளியிலிருந்து தரும் மதிப்பில்) ஏதாவது லைப்ரரியின் பாதை இருக்கிறதா? இல்லை என்றால் பைனரிக்குள் இருக்கும் சொந்த ‘_ரியல்’ ஃபங்ஷன்களின் முகவரிகள் நிரப்பப்படும். இருந்தால் அந்த லைப்ரரி ஏற்றப்பட்டு, அதிலுள்ள எஸ்டிஎல்_டைன்ஏபிஐ_என்ட்ரி என்ற ஒரே ஃபங்ஷன் தேடி அழைக்கப்படும். அதற்கு மூன்று விஷயங்கள் தரப்படுகின்றன: ஏற்பாட்டின் பதிப்பு எண், கேமுக்குள் இருக்கும் அட்டவணையின் முகவரி, அந்த அட்டவணையின் அளவு.

அந்த அளவில்தான் சூட்சுமம். எஸ்டிஎல் 2 வரிசையில் புதிய ஃபங்ஷன் சேர்ந்தால் அட்டவணையின் கடைசியில் மட்டுமே சேர வேண்டும். நடுவில் நுழைக்கக் கூடாது, எதையும் நீக்கக் கூடாது, வரிசையை மாற்றக் கூடாது. ஆகவே பழைய கேமின் அட்டவணை எப்போதும் புதிய லைப்ரரியின் அட்டவணையின் முன்பகுதியாகவே இருக்கும். புதிய லைப்ரரி தன் அட்டவணையிலிருந்து பழைய கேம் கேட்ட அளவுக்கு மட்டும் நகலெடுத்துக் கொடுக்கும். மாறாக, வெளியிலிருந்து வந்த லைப்ரரி கேமைவிடப் பழையது என்றால், கேட்ட அட்டவணை தன்னிடம் இருப்பதைவிடப் பெரிதாக இருப்பதை அது கண்டுகொண்டு மறுத்துவிடும். அப்போது கேம் எச்சரிக்கை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தன் சொந்த எஸ்டிஎல்லோடு தொடரும். எஸ்டிஎல்_லாக் போல எத்தனை ஆர்கியுமென்ட் வேண்டுமானாலும் வாங்கும் ஃபங்ஷன்களை இப்படி நேராகக் கைமாற்றிவிட முடியாது. சி மொழி அதற்கு இடம் தருவதில்லை. அவற்றுக்கு மட்டும் தனியாக, சரத்தை முதலில் உருவாக்கிவிட்டு அனுப்பும்படி கையால் எழுதியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறிய பிடிவாதம். கம்பைல் செய்யும்போது கட்டளை வரியில் ஒரு கொடி கொடுத்து இந்த ஏற்பாட்டை அணைக்கப் பார்த்தால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். அணைத்தே தீர வேண்டும் என்றால் ஹெடர் கோப்பைத் திறந்து கையால் திருத்த வேண்டும். தடை பெரிதல்ல, ஒரு வரி மாற்றினால் போதும். ஆனால் ஏனோதானோவென்று யாரும் அணைத்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் கூடுதலாக ஒரு பாயின்டர் தாவல் என்பதே இதற்கான விலை. விண்டோ திறப்பதற்கும் ஈவென்ட் வாங்குவதற்கும் ஆகும் வேலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

செய்து பார்ப்பதும் எளிது. லினக்ஸில் கேமின் பைனரி மேல் எல்டிடி (இணைந்த லைப்ரரிகளைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டுங்கள். எஸ்டிஎல் 2-இன் ‘.எஸ்ஓ’ பட்டியலில் வந்தால் அது டைனமிக் இணைப்பு. வராவிட்டால் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையால் பைனரிக்குள் எஸ்டிஎல்_டைனமிக்_ஏபிஐ என்ற சரத்தைத் தேடுங்கள். கிடைத்தால், ஸ்டேட்டிக்காக விழுங்கப்பட்ட எஸ்டிஎல்லாக இருந்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. அந்த வேரியபிளில் விநியோகத்தின் எஸ்டிஎல் கோப்புக்கான முழுப் பாதையைக் கொடுத்துக் கேமை ஓட்டிப் பாருங்கள். இங்கே பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்தான்: கேம் 32 பிட், கொடுத்த லைப்ரரி 64 பிட். ஏற்றமே நடக்காது. பழைய கேம்களுக்கு 32 பிட் எஸ்டிஎல் தொகுப்பைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். அடுத்து, முதன்மைப் பதிப்பு பொருந்த வேண்டும். எஸ்டிஎல் 2 கேமுக்கு எஸ்டிஎல் 3-இன் கோப்பை நேராகக் காட்டினால் ஆகாது, இரண்டின் அட்டவணைகளும் வேறு வேறு.

முதன்மைப் பதிப்பு மாறும்போது

இங்கேதான் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 1.2-இலிருந்து 2-க்கும், 2-இலிருந்து 3-க்கும் போகும்போது ஃபங்ஷன்களின் பெயரும் வடிவமும் மாறின. அப்படியானால் வாக்குறுதி அங்கே முறிந்துவிட்டதே? அலெக்ரோ என்ற மற்றொரு கேம் லைப்ரரியில் முறிந்துதான் போனது. அலெக்ரோ 5 முழுக்கப் புதிதாக எழுதப்பட்டது. அலெக்ரோ 4-இல் எழுதிய கேமைக் கையால் பெயர்த்து எழுதினால் ஒழிய 5-இல் ஓட்ட முடியாது.

எஸ்டிஎல்காரர்கள் வேறு வழியில் போனார்கள். எஸ்டிஎல்12-கம்பாட் என்பது வெளியே பார்த்தால் எஸ்டிஎல் 1.2, உள்ளே வேலை செய்வது எஸ்டிஎல் 2. கோப்பின் பெயரும் எஸ்ஓநேமும் (லைப்ரரிக்குள் பதிந்த பெயர்) அச்சு அசலாகப் பழையதே. அதனால் கேமுக்கு வித்தியாசம் தெரியாது. ஃபெடோரா 35 முதல் பழைய 1.2-ஐ எடுத்துவிட்டு இதையே தருகிறார்கள். எஸ்டிஎல் 3-இன் முதல் நிலையான வெளியீடு 3.2.0, 2025 ஜனவரியில் வந்தது. அதோடு எஸ்டிஎல்2-கம்பாட் வந்து ஃபெடோரா 42-இல் அதே போல இடம்பிடித்தது. ஆகவே இன்று 1.2 கேம் ஒன்று ஓடும்போது அதன் அழைப்பு எஸ்டிஎல்12-கம்பாட், எஸ்டிஎல்2-கம்பாட், எஸ்டிஎல் 3 என்று மூன்று படி இறங்கி வேலண்டையோ பைப்வயரையோ சேர்கிறது.

இது பெயர்களை மட்டும் மாற்றிவிடும் வேலை அல்ல. 1.2 காலத்துக் கேம் 640-க்கு 480 முழுத்திரை வேண்டும் என்று கேட்டால் மானிட்டரே அந்த ரெசல்யூஷனுக்கு மாறும். 256 வண்ணத் தட்டோடு ஒரு சர்ஃபேஸ் வாங்கி, அதன் பிக்சல்களில் கேம் நேராக எழுதும். இன்று யாரும் மானிட்டரின் மோடை மாற்ற விரும்புவதில்லை, 8 பிட் திரை மோடும் வழக்கொழிந்துவிட்டது. எனவே கம்பாட் அந்த 8 பிட் சர்ஃபேஸை நினைவகத்தில் உண்டாக்கித் தந்து, ஒவ்வொரு முறை கேம் திரையைப் புதுப்பிக்கச் சொல்லும்போதும் தட்டைப் பார்த்து 32 பிட்டுக்கு மாற்றி, டெக்ஸ்சராக ஏற்றி, டெஸ்க்டாப்பின் அளவுக்கு நீட்டி வரைகிறது. மவுஸ் நகர்வின் எண்களையும் அந்த நீட்டலுக்கு ஏற்பத் திருப்பிச் சுருக்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் பொத்தான் ஓரிடத்தில் இருக்கும், கிளிக் வேறிடத்தில் விழும். ஓபன்ஜிஎல் கேம் என்றால் அது நேராகத் திரைக்கு வரைவதாக நினைக்கும், உண்மையில் ஒரு மறைவான ஃபிரேம்பஃபரில் வரைந்துகொண்டிருக்கும். இத்தனைக்குப் பிறகும் அடங்காத கேம்களுக்கு, பைனரியின் பெயரைப் பார்த்து அதற்கேற்ற தனி நடத்தையைத் தரும் பட்டியல் ஒன்று கோடிலேயே இருக்கிறது. விண்டோஸ் பழைய மென்பொருள்களுக்குச் செய்யும் அதே பொறுமையான வேலை. ஒரு லைப்ரரியின் ஆசிரியர் இதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. “புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்” என்று எழுதிவிட்டுப் போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேம்பேடிலும் இதே மனப்பான்மையைப் பார்க்கலாம். எஸ்டிஎல் 2-இல் ஒவ்வொரு கேம்பேடுக்கும் ஒரு வரி மேப்பிங் உண்டு: 16 பைட் அடையாள எண், பெயர், பிறகு எந்தப் பொத்தான் எக்ஸ்பாக்ஸ் அமைப்பின் எந்தப் பொத்தானுக்குச் சமம் என்ற பட்டியல், கடைசியில் இயங்குதளத்தின் பெயர். அடையாள எண்ணுக்குள் இணைப்பின் வகை, தயாரிப்பாளர் எண், பொருள் எண், பதிப்பு ஆகியவை இருக்கும். இந்த வரியை கேம் எழுதியவர் தர வேண்டும் என்பதில்லை. எஸ்டிஎல்_கேம்கன்ட்ரோலர்கான்ஃபிக் என்ற வேரியபிளில் பயனரே கொடுக்கலாம், ஸ்டீம் கொடுக்கலாம். கேம் வெளியான பிறகு தயாரான கேம்பேடு அதில் சரியாக வேலை செய்வது இப்படித்தான். பின்னாளில் அடையாள எண்ணில் அதுவரை பூஜ்ஜியமாக இருந்த இரண்டு பைட்டுகளில், கேம்பேடின் பெயரிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்தார்கள். அப்போதும் பழைய வரிகள் வீணாகிவிடாமல், அந்த இரண்டு பைட்டுகள் இல்லாத வரியும் பொருந்தும்படி தேடலை எழுதினார்கள்.

வாக்குறுதி கசியும் இடங்கள்

எஸ்டிஎல்லின் மேல் எழுதிவிட்டால் எல்லாக் கேமும் காப்பாற்றப்பட்டுவிடும் என்று சொன்னால் அது பொய். தளத்தின் அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே கை நீட்டிய கேம், அந்த இடத்தில் தளத்தை இழக்கிறது. மிகத் தெளிவான உதாரணம் எஸ்டிஎல் 2-இன் கெட்விண்டோடபிள்யூஎம்இன்ஃபோ. விண்டோவுக்குப் பின்னால் இருக்கும் நிஜப் பொருளை அது எடுத்துத் தரும்: பழைய திரை சர்வரான எக்ஸ்11 என்றால் டிஸ்பிளே பாயின்டரும் விண்டோ எண்ணும், வேலண்ட் என்றால் அதன் டிஸ்பிளேயும் சர்ஃபேஸும். இவை எல்லாம் ஒரே யூனியனுக்குள், அதாவது ஒரே நினைவக இடத்தைப் பகிரும் அமைப்புக்குள் இருக்கின்றன. எது செல்லும் என்று சப்சிஸ்டம் என்ற புலத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 2014-இல் லினக்ஸ் என்றால் எக்ஸ்11தான் என்று நம்பி, அந்தப் புலத்தைப் பார்க்காமலே எக்ஸ்11 பகுதியைப் படித்த கேம்கள் உண்டு. அடியில் வேலண்ட் வந்ததும் அதே நினைவக இடத்தில் வேலண்டின் பாயின்டர் இருக்கும். அதை எக்ஸ்11 ஃபங்ஷனிடம் கொடுத்தால் உடனே கிராஷ். அப்படிப்பட்ட கேமுக்கு எஸ்டிஎல்_வீடியோடிரைவர் வேரியபிளில் ‘எக்ஸ்11’ என்று கொடுத்து, வேலண்டின் மேல் எக்ஸ்11 நிரல்களை ஓட்டும் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓட்டுவது ஒன்றே வழி. எஸ்டிஎல் 3-இல் இந்த யூனியனையே எடுத்துவிட்டு, பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் மதிப்பைத் தரும் பிராபர்ட்டிகளை வைத்துவிட்டார்கள். எக்ஸ்11 டிஸ்பிளேவைக் கேட்டு, அது இல்லை என்றால் வெற்றுப் பாயின்டர் வரும். தவறான பாயின்டர் வராது.

இரண்டாவது கசிவு ஸ்ட்ரக்ட் எனும் தரவு அமைப்புகளில். ஃபங்ஷனை அட்டவணை மூலம் மாற்றலாம், கேமுக்குள் கம்பைல் ஆகிவிட்ட ஸ்ட்ரக்டின் அளவை மாற்ற முடியாது. எஸ்டிஎல்_ஈவென்ட் யூனியனுக்கு எஸ்டிஎல் 2-இல் 56 பைட் என்று பேடிங் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கேம் தன் ஸ்டாக்கில் 56 பைட் ஒதுக்கிவிட்டு முகவரியைத் தரும். புதிய லைப்ரரி 60 பைட் எழுதினால் பக்கத்தில் இருக்கும் வேரியபிள் நாசமாகும். எஸ்டிஎல் 3-இல் அதை 128 பைட்டாக்கி, வருங்காலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, டிஃபால்ட்கள். இதைத்தான் லைப்ரரி எழுதுபவர்கள் சாதாரணமாக யோசிப்பதே இல்லை. 2022-இல் எஸ்டிஎல் 2.0.22-க்கான முன்னோட்டத்தில் வேலண்ட் இருந்தால் அதையே முதலில் எடுக்கும்படி மாற்றினார்கள். இறுதி வெளியீட்டுக்கு முன்பே அதைத் திரும்பப் பெற்று எக்ஸ்11-ஐ மறுபடி முதலில் வைத்தார்கள். ஒரு லைப்ரரிக்கு இது மாற்றங்கள் பட்டியலில் ஒரு வரி. பயன்படுத்துபவர் படித்து, கம்பைல் செய்து, சோதித்துப் பார்ப்பார். எஸ்டிஎல்லுக்கு அப்படி ஒரு வாசகரே இல்லை. அந்த வரியை மாற்றிய மறுநாள், ஆசிரியர் இல்லாத கேம்கள் யாருக்கும் சொல்லாமல் வேறு விதமாக நடக்கத் தொடங்கும். அவர்கள் பின்வாங்கியதை வேலண்டுக்கு எதிரான அடியாகச் சிலர் பார்த்தார்கள். யாருக்குப் பொறுப்பு என்பதை உணர்ந்த முடிவாகவே நான் அதைப் பார்க்கிறேன். வேலண்ட் முன்னுரிமை எஸ்டிஎல் 3-இல் வந்துவிட்டது. அங்கே எல்லோரும் எப்படியும் கோடைத் திருத்திச் சோதித்தாக வேண்டும்.

தளம் போலத் தெரிபவை

இந்த அளவுகோலை மற்றவற்றின் மேல் வைத்துப் பார்த்தால் வரிசை கொஞ்சம் கலைகிறது. லவ் என்ற லுவா ஃபிரேம்வர்க்கைப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் அது எஸ்டிஎல்லைவிடத் தளம் மாதிரி இருக்கும்: தனி ரன்டைம், ‘.லவ்’ என்ற தனிக் கோப்பு வடிவம், இரட்டைக் கிளிக் செய்தால் கேம் ஓடும். ஆனால் 2018-இல் 11.0 வந்தபோது வண்ண மதிப்புகள் 0 முதல் 255 வரை என்பதிலிருந்து 0 முதல் 1 வரை என்று மாறின. 0.10-க்கு எழுதிய கேம் 128, 64, 0 என்று பழுப்பு நிறம் கேட்டால், புதிய ரன்டைம் முதல் இரண்டையும் 1 என்று வெட்டிப் பளிச்சென்ற மஞ்சளைத் தரும். எந்தப் பதிப்புக்காக எழுதியது என்று கான்ஃப் கோப்பில் குறித்திருந்தாலும், ஒரு எச்சரிக்கை வருமே தவிர பழைய நடத்தை திரும்பாது. ஆகவே எல்லோரும் ரன்டைமையும் ‘.லவ்’ கோப்பையும் ஒட்டி ஒரே எக்ஸ்இ ஆக்கி அனுப்புகிறார்கள். லவ் அருமையான கருவி, பலாட்ரோ என்ற கேம் அதில் எழுதப்பட்டதுதான். ஆனால் அனுப்பிய கேமைப் பொறுத்தவரை அது உள்ளே கட்டிவைத்த சரக்கு. வேடிக்கை என்னவென்றால் லவ் 11 தானே எஸ்டிஎல் 2-இன் மேல்தான் நிற்கிறது. லவ் உறைந்தாலும் அதன் அடியில் இருக்கும் எஸ்டிஎல்லை மாற்ற முடியும்.

ரேலிப் என்ற கேம் லைப்ரரி இதைப் பற்றி எந்தப் பாவனையும் செய்வதில்லை. பதிப்புக்குப் பதிப்பு ஃபங்ஷன்களை மாற்றும், ஸ்டேட்டிக்காக இணைத்து மறந்துவிடுங்கள் என்பதுதான் அதன் இயல்பு. கற்பவர்களுக்கு அதைவிட நல்லது குறைவு. யூனிட்டி, எழுதுபவருக்குத் தளம், சந்தேகமில்லை. ஆனால் முடிந்த கேமுக்குள் போகும் யூனிட்டி பிளேயர் அந்தக் கேமின் அசெட்டுகளோடு பதிப்பு பொருந்தித்தான் ஓடும். ஐந்து வருடம் கழித்து வந்த பிளேயரைக் கொண்டுவந்து பழைய கேமின் கீழே வைக்க முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் கேம் ஃபிரேம்வர்க்கான எக்ஸ்என்ஏ எதிர்ப்பக்கத்து உதாரணம். 2006-இல் வந்தது, கடைசிப் பதிப்பு 4.0, 2013-இல் இனி புதிய பதிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உரிமையாளர் போன பிறகு எஃப்என்ஏ என்ற திறந்த சோர்ஸ் திட்டம் அதே கிளாஸ்களை, அதே பெயர்களில், அதே நடத்தையோடு எழுதிக் கேம்களை லினக்ஸிலும் மேக்கிலும் ஓடவைத்தது. அதன் அடியிலும் எஸ்டிஎல்தான். தளத்தைத் தாங்குவது இடைமுகத்தின் நிலைத்தன்மை, நிறுவனத்தின் ஆயுள் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதே எஸ்டிஎல், தளமாக இல்லாத இடம்

தாவல் அட்டவணையைத் தீர்மானிக்கும் ஹெடர் கோப்பைத் திறந்தால் எந்தெந்த இயங்குதளத்தில் அது அணைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். ஐபோன், ஆண்ட்ராய்டு, எம்ஸ்கிரிப்டன் (சி கோடை பிரவுசரில் ஓடவைப்பது) மூன்றும் அதில் இருக்கின்றன. காரணம் எளிது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் கையெழுத்திட்ட பொதிக்குள் இருக்கும் எந்தக் கோப்பையும் மூன்றாவது ஆள் தொட முடியாது, என்விரான்மென்ட் வேரியபிள் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே என் அளவுகோலின்படி, ஒரே சோர்ஸ், ஒரே ஹெடர், ஒரே ஆசிரியர்கள் இருந்தும் எஸ்டிஎல் லினக்ஸில் தளம், ஆண்ட்ராய்டில் லைப்ரரி. விண்டோஸ் இடையில் நிற்கிறது: விநியோகம் என்று ஒன்று இல்லாவிட்டாலும், கேமின் பக்கத்தில் கிடக்கும் எஸ்டிஎல்2 டிஎல்எல்லை யாரும் மாற்றிப் போடலாம்.

இதன் விளைவு கண்ணெதிரே இருக்கிறது. ஐஓஎஸ் 11, 2017-இல் 32 பிட் ஆப்களை நிறுத்தியபோது, மறுபடி கம்பைல் செய்ய ஆள் இல்லாத கேம்கள் அப்படியே போயின. சிபியுவின் கட்டமைப்பே மாறும் இடத்தில் எந்த அட்டவணையும் உதவாது என்பது உண்மைதான். ஆனால் ஆண்ட்ராய்டின் 16 கேபி பக்க அளவு (நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் அலகு) அப்படிப்பட்ட மாற்றமல்ல. ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ இலக்காகக் கொண்டு கூகுள் பிளேயில் ஏற்றும் புதிய ஆப்களும் அப்டேட்களும் 16 கேபி பக்க அளவுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேமின் சி கோடில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை, பெரும்பாலும் ‘.எஸ்ஓ’ கோப்பின் பகுதிகள் 16,384 பைட் எல்லையில் தொடங்கினால் போதும். லினக்ஸாக இருந்தால் எஸ்டிஎல்லின் பங்கை விநியோகமே புதிய கோப்பு கொடுத்து முடித்திருக்கும். இங்கே கேமின் ஆசிரியரே ஆண்ட்ராய்டுக்கான சி கருவித் தொகுப்பான என்டிகேயின் ஆர்28-ஐயோ அதற்குப் பிந்தையதையோ நிறுவி, எஸ்டிஎல்லையும் கேமின் மெயின் லைப்ரரியையும் மறுபடி கம்பைல் செய்து, பழைய என்டிகேதான் வேண்டும் என்றால் லிங்கருக்கு அதிகபட்சப் பக்க அளவு 16384 என்ற கொடியைக் கொடுத்து, பொதியைக் கையெழுத்திட்டு ஏற்ற வேண்டும். எஸ்டிஎல்லை மட்டும் மாற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒலி டிகோடர் ‘.எஸ்ஓ’ ஒன்றைப் பழைய 4 கேபியிலேயே விட்டுவிட்டால் அந்த ஒன்று போதும், 16 கேபி சாதனத்தில் ஏற்றம் அங்கே தடுமாறும். ஆண்ட்ராய்டுக்குக் கேம் எழுதுபவர் சோர்ஸ், பில்ட் ஸ்கிரிப்ட், கையெழுத்துச் சாவி, இணைத்த ஒவ்வொரு ‘.எஸ்ஓ’வின் சோர்ஸ் ஆகிய நான்கையும் கேம் விற்பனையில் இருக்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். லினக்ஸில் எஸ்டிஎல் அவருக்காகச் சுமக்கும் வேலையை அங்கே அவர்தான் சுமக்க வேண்டும்.